10.55க்குத் திறந்த கைகள்

முரோரான் காவல் நிலையத்தில், ரெய்வா ஒன்பதாம் ஆண்டு (2027) அக்டோபர் மாதம் 21ஆம் தேதி வியாழக்கிழமை காலை 9.20 மணிக்கு, ஒசாகாவிலிருந்து வந்த உதவி ஆய்வாளர் ஹிகுமா என்பவரிடம் அளித்த வாக்குமூலம்.

என் பெயர் மகிஷிமா தோமோயோ. வயது 38. தகப்பனார் பெயர் மகிஷிமா யசுகிச்சி, காலமாகிவிட்டார். முரோரான் நகரம், துறைமுகத்துக்கு மேலே உள்ள குடியிருப்பில் மூன்றாம் மாடியில் என் தாயாருடன் வசித்து வருகிறேன். திருமணம் ஆகவில்லை. இதற்கு முன் மீன் பதப்படுத்தும் ஆலையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். ஆலை மூடப்பட்ட பிறகு, சென்ற வருடம் செப்டம்பர் மாதம் முதல், ரோபோக்களை வாடகைக்கு விடும் கம்பெனியின் முரோரான் அலுவலகத்தில் தொலை இயக்குநராக வேலை செய்து வருகிறேன். என்னை யாரும் விசாரணைக்கு அழைக்கவில்லை. நானே தொலைபேசி செய்து, சொல்ல வேண்டியது இருக்கிறது என்று சொன்னதன் பேரில் இந்த வாக்குமூலம் எழுதப்படுகிறது.

என் வேலை இன்னதென்று கேட்டதற்குச் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தில் பதினொரு இருக்கைகள் உள்ளன. நாடு முழுவதும் சிறு தொழிற்சாலைகளில் எங்கள் கம்பெனியின் மனித உருவ ரோபோக்களும், பெட்டி சுமந்து தானே ஓடும் வண்டிகளும் உள்ளன. அவை தாமாகவே வேலை செய்யும். எங்காவது சிக்கிக்கொண்டால் எங்கள் இருக்கையில் மணி அடிக்கும். நாங்கள் தலையில் திரையை மாட்டி, கையுறைகளைப் போட்டுக்கொண்டு, ரோபோவின் கண்ணால் பார்த்து அதன் கையால் சிக்கலை எடுத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். கையுறையில், ரோபோவின் கை எதைத் தொடுகிறதோ அதன் அழுத்தம் எங்களுக்குத் தெரியும். அங்கே பேசுவது எங்களுக்குக் கேட்கும். நாங்கள் பேசுவது அங்கே கேட்காது. ரோபோ தானே கற்றுக்கொண்டு சரிசெய்கிறது என்றுதான் வாடிக்கையாளர்களிடம் சொல்லப்பட்டிருக்கிறது. உள்ளே ஆள் இருப்பதை எந்த விதத்திலும் காட்டிக்கொள்ளக் கூடாது என்று வேலையில் சேரும்போது கையெழுத்து வாங்கினார்கள். தொழிற்சாலைகளின் பெயரும் ஊரும் எங்களுக்குச் சொல்லப்படாது. எண் மட்டும்தான்.

பதினான்காம் எண் என் பொறுப்பில் இருந்தது. அது எவர்சில்வர் குழாய் இணைப்புகள் கடையும் பட்டறை. கம்ப்யூட்டரில் ஓடும் மூன்று சி.என்.சி. லேத்துகள், ஒரு மனித உருவ ரோபோ, இரண்டு வண்டிகள், முதலாளி, அவர் மனைவி. வேறு ஆள் கிடையாது. முதலாளியின் பெயர் உஜிதா சென்ஜி என்பதும், வயது 67 என்பதும், அது ஹிகாஷி ஒசாகாவில் இருப்பதும் சம்பவத்தன்றுதான் எனக்குத் தெரியவந்தது. ஆனால் அவர் குரலை ஒரு வருடமாக அறிவேன். ரோபோ வெள்ளை நிறம் என்பதால் அதற்கு ஷிரோ என்று பெயர் வைத்திருந்தார். நாய்க்கு வைக்கிற பெயர். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை நான் அந்த ரோபோவுக்குள் போக நேரும். அப்போதெல்லாம் அவர் அதனுடன் பேசிக்கொண்டிருப்பார். "அந்த வண்டிங்கள பாருடா, என்னா ஓட்டம்! நீ மட்டும் கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி நடக்குற" என்பார். மதியம் அதன் எதிரில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து சோற்று உருண்டை சாப்பிடுவார். அவர் மனைவி ஹருயோ ஒரு முறை, "சம்பளம் கேக்காது, சோறு கேக்காது, எதிர்த்தும் பேசாது. இந்த மனுஷனுக்குன்னே செஞ்சு அனுப்பின மருமகன்" என்று சொன்னதைக் கேட்டு, நான் என் இருக்கையில் சிரித்துவிட்டேன். பக்கத்து இருக்கையில் இருக்கும் கோமோரி, அவளுக்கு வயது 24, என்ன என்று கேட்டாள். அவளிடம் சொன்னேன். அதுவும் விதிப்படி தவறு.

சம்பவத்துக்குச் சம்பந்தமாக எனக்கு முன்கூட்டியே தெரிந்த விஷயங்கள் இரண்டு. ஒன்று, உஜிதாவுக்கு இடது கண் ஆறு மாதமாகச் சரியாகத் தெரியவில்லை. "தூரம் பிடிபடலடா ஷிரோ, டம்ளர வைக்கிறேன், மேசைக்கு வெளிய வைக்கிறேன்" என்று கோடையில் சொன்னார். மனைவிக்குச் சொல்லவில்லை என்றும் சொன்னார். இரண்டாவது, இரண்டாம் எண் லேத்தின் கதவு. கதவு திறந்தால் மெஷின் சுற்றக் கூடாது என்பதற்காக அதில் ஒரு சுவிட்சு இருக்கிறது. அக்டோபர் 8ஆம் தேதி அந்தச் சுவிட்சின் மேல் ஒரு காந்தத் துண்டு ஒட்டியிருப்பதை ரோபோவின் கேமராவில் பார்த்தேன். அப்படி ஒட்டினால் கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே மெஷின் நினைத்துக்கொள்ளும். ரோபோ ஒவ்வொரு துண்டையும் எடுத்து வைக்க, மெஷின் முழுக்க நின்று கதவு திறக்கும் வரை காத்திருந்தது. அந்த நேரத்தை மிச்சப்படுத்தவே அவர் ஒட்டினார். ரோபோவின் தோளில் தட்டி, "உனக்காகத்தான்டா, மந்தம்" என்று சொன்னார்.

இதை நான் அன்றே படிவத்தில் எழுதி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, ஜூன் மாதத்தில் வேறொரு இடத்தில் வண்டியின் உணர்கருவி மேல் துணி தொங்கியதை எழுதி அனுப்பினேன், கம்பெனி இரண்டு வாரம் ரோபோக்களை நிறுத்தி வைத்தது, அந்த இடம் பிறகு திறக்கவே இல்லை, அதனால் அனுப்பவில்லை. படிவத்தைத் திறந்து பதினான்கு என்று எண்ணை மட்டும் அடித்துவிட்டு மூடினேன். அது கம்ப்யூட்டரில் இன்னும் இருக்கும்.

சம்பவ நாள் அக்டோபர் 16ஆம் தேதி சனிக்கிழமை. நேரங்களை எல்லாம் கருவியின் பதிவிலிருந்து சொல்கிறேன். காலை 10.42க்கு மணி அடித்தது. திரையில், "பதினான்கு. பாதையில் அறியப்படாத பொருள்" என்று வந்தது. வழக்கமாக உலோகச் சீவல் குப்பையோ, விழுந்த பெட்டியோ இருக்கும். திரையை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். அறியப்படாத பொருள் என்று சொல்லப்பட்டது உஜிதாவின் இரண்டு கால்கள். அவர் இரண்டாம் எண் லேத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். சுற்றும் பகுதியில் சிக்கிய சீவலைக் கையுறையோடு கையை விட்டு இழுத்திருக்கிறார் என்று பார்த்ததும் புரிந்தது. வலது சட்டைக் கை தோள் வரை இல்லை. முழங்கைக்கு மேலே உட்புறத்திலிருந்து ரத்தம் விட்டு விட்டு வந்தது. இடது கையால் அதைப் பிடிக்கப் பார்த்தார். வழுக்கிக்கொண்டே இருந்தது.

நான் விதிப்படி கையைத் தூக்கி மேற்பார்வையாளர் ஒகுதெராவைக் கூப்பிட்டேன். அவர் வந்து என் பக்கத்துத் திரையில் பார்த்தார். அதன் பிறகு கையேட்டை எடுத்து, மனிதர் விழுந்து கிடந்தால் ரோபோவை அசையாமல் நிறுத்த வேண்டும், தொடக் கூடாது, தலைமை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று வாசித்தார். தெரிவிக்கத் தன் மேசைக்குப் போனார். நான் அசையவில்லை. ஷிரோவும் அசையவில்லை. அது உஜிதாவுக்கு முன்னால் இரண்டு எட்டு தூரத்தில் நின்றது. அந்த நேரத்தில் ஒரு வண்டி பெட்டிகளோடு வந்து அவர் கால் அருகே நின்று, "தயவு செய்து வழி விடுங்கள்" என்று சொல்லத் தொடங்கியது. ஏழு விநாடிக்கு ஒரு முறை சொல்லும். உஜிதா அதைப் பார்த்து, "இதுக்குத்தான் இப்போ அவசரம்" என்றார். பிறகு ஷிரோவை நிமிர்ந்து பார்த்து, "நீயும் சும்மா நிக்குறியேடா" என்றார்.

10.42லிருந்து 10.46 வரை நான் எதுவும் செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அதன் பிறகு ஷிரோவை மண்டியிட வைத்து, அதன் வலது கையால் அவர் மேற்கையைக் காயத்துக்கு மேலே சுற்றிப் பிடித்தேன், இடது கையால் காயத்தின் மேல் அழுத்தினேன். முதல் முறை வழுக்கியது. இரண்டாம் முறை பிடி கிடைத்தது. அவர் கத்தினார். உடனே, "விடாத. விடாத" என்றார். பிடி தளராமல் இருக்க ஒரு பூட்டு உண்டு, அதைப் போட்டேன். ரத்தம் வருவது மிகவும் குறைந்தது. அவர் கையின் துடிப்பு என் கையுறையில் தெரிந்தது.

நான் கோமோரியிடம் என் கைப்பேசியை எடுத்து ஆம்புலன்ஸுக்காக 119க்குப் போடச் சொன்னேன். என் இரண்டு கையும் கையுறைக்குள் இருந்ததால் அவள் போனை என் காதோடு பிடித்துக்கொண்டாள். முரோரான் தீயணைப்பு நிலையம் பேசியது. விலாசம் கேட்டார்கள். எனக்கு விலாசம் தெரியாது. ஒகுதெராவிடம் கேட்டேன். தலைமை அலுவலகத்தில்தான் இருக்கிறது, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார். அதனால் ஷிரோவின் தலையைத் திருப்பி, வண்டியிலிருந்த பெட்டிகளின் மேல் அனுப்புநர் முத்திரையைத் தேடினேன். உஜிதா, "எங்கடா பாக்குற, என்னப் பாரு" என்றார். மூன்றாவது பெட்டியில் முத்திரை நேராக இருந்தது. அதைப் படித்துச் சொன்னேன். அவர்கள் ஹிகாஷி ஒசாகாவுக்குத் தகவல் கொடுத்துவிட்டு, ஆம்புலன்ஸ் புறப்பட்டது, எட்டு நிமிடத்தில் வந்துவிடும் என்று சொன்னபோது மணி 10.50. நான் மீண்டும் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தேன்.

அவர் கொஞ்ச நேரம் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது மெஷின் பிடிக்கிற பிடி இல்லையே. உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார்.

இதே கேள்வியை அவர் பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் விளையாட்டாகக் கேட்டிருக்கிறார். அன்று நான் தலையை அசைக்காமல் இருந்தேன். இந்த முறை ஷிரோவின் தலையை மேலும் கீழும் ஆட்டினேன்.

"அடப்பாவி. அப்போ நான் பொலம்புனதெல்லாம் கேட்டியா?"

ஆட்டினேன்.

"கண்ணு விஷயமுமா?"

ஆட்டினேன்.

"ஹருயோகிட்ட சொல்லிடாத. தோலை உரிச்சுடுவா."

சொல்ல மாட்டேன் என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். அந்த வாக்கை இன்று இந்த வாக்குமூலத்தில் மீறியிருக்கிறேன்.

அதன் பிறகு அவர் இந்த ஊரா என்று கேட்டார், இல்லை என்று ஆட்டினேன். தூரமா என்று கேட்டார், ஆமாம் என்று ஆட்டினேன். "ஆம்பளதானே?" என்றார். இல்லை என்று ஆட்டினேன். அவர் வாயைத் திறந்து சத்தமில்லாமல் சிரித்தார். "பொம்பளையா! ஒரு வருசமா வாடா போடான்னு பேசியிருக்கேனே. மன்னிச்சுக்கம்மா" என்றார். முகம் தாள் மாதிரி வெளுத்திருந்தது. வண்டி வழி விடச் சொல்லிக்கொண்டே இருந்தது. குளிர்கிறது என்றார். மனைவி பல் மருத்துவரிடம் போயிருக்கிறாள், பதினொன்றரைக்குத்தான் வருவாள் என்றார். "நீ பிடிச்சுக்கோம்மா, நான் கொஞ்சம் கண்ண மூடிக்கிறேன்" என்றார். கூடாது என்று தலையைப் பக்கவாட்டில் வேகமாக ஆட்டினேன். "சரி சரி, மூடல" என்றார்.

10.54க்கு ஒகுதெரா என் பின்னால் வந்து நின்றார். அவர் சொன்னதாவது: "மகிஷிமா, கைய எடுத்துடுங்க. தலைமை அலுவலகம் சொல்லிடுச்சு. நம்ம கை பட்டிருக்கும்போது அவருக்கு ஏதாவது ஆனா, அது நாம செஞ்சதா ஆகிடும்." எடுத்தால் அவர் செத்துப்போவார் என்று நான் சொன்னேன். "எனக்குத் தெரியாதா? நான் மூணு தடவை சொல்லிப் பார்த்துட்டேன்" என்றார். ஆம்புலன்ஸ் வரும் வரை, நான்கு நிமிடம் மட்டும் என்று கேட்டேன். அவர் தன் மேசைக்குப் போனார். கோமோரி அவர் பின்னால் ஓடினாள். நாற்காலி விழும் சத்தம் கேட்டது. என் தலையில் திரை இருந்ததால் நான் பார்க்கவில்லை.

தொடர்பு அறுந்தால் ரோபோ என்ன செய்யும் என்று கேட்டதற்குச் சொல்கிறேன். இரண்டு கைகளையும் முழுக்கத் திறந்து, இருந்த இடத்திலேயே அசையாமல் நிற்கும். யாருடைய கையாவது அதன் பிடியில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். பூட்டுப் போட்டிருந்தாலும் திறந்துவிடும். இது எனக்கும் தெரியும், ஒகுதெராவுக்கும் தெரியும்.

10.55க்கு ஒகுதெராவின் மேசையிலிருந்து தொடர்பு அறுக்கப்பட்டது, என் கையுறைக்குள் இருந்த துடிப்பு நின்றது. திரை இருண்டுபோகும் முன் கடைசியாகப் பார்த்தது உஜிதாவின் முகம். அவர் தன் கையைப் பார்த்தார், பிறகு கேமராவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். எனக்குக் கேட்கவில்லை. நான் திரையைக் கழற்றிவிட்டு எழுந்தபோது ஒகுதெரா மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். அவரை நான் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஆம்புலன்ஸ் 10.58க்கு வந்தது என்றும், 11.40க்கு மருத்துவமனையில் அவர் இறந்தார் என்றும் மாலையில் தெரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து என் வலது கை தூக்கத்தில் மூடிக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேநீர் டம்ளரைப் பிடித்தபடியே நாற்காலியில் தூங்கியிருக்கிறேன். என் தாயார் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து டம்ளரை எடுத்ததாகச் சொன்னார்.

திங்கட்கிழமை அக்டோபர் 18ஆம் தேதி, வர வேண்டாம் என்று யாரும் சொல்லாததால் வேலைக்குப் போனேன். 9.15க்கு மணி அடித்தது. "பதினான்கு. பாதையில் அறியப்படாத பொருள்" என்று திரையில் வந்தது. அந்த எண்ணை முடக்க எல்லோரும் மறந்திருந்தார்கள் போலும். பட்டறையின் மின்சாரத்தை யாரோ போட்டதும் ஷிரோ விழித்துக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டிருக்கிறது. கோமோரி வேண்டாம் என்று என் தோளைப் பிடித்தாள். நான் திரையை மாட்டிக்கொண்டேன்.

தரை கழுவப்பட்டிருந்தது. இரண்டாம் எண் லேத்தின் முன்னால் பால் புட்டியில் வெள்ளைச் சாமந்திப் பூக்கள் வைத்திருந்தார்கள். அறியப்படாத பொருள் அதுதான். ஷிரோவின் முழங்காலிலும் விரல் இடுக்குகளிலும் கறை காய்ந்து கறுப்பாக இருந்தது. ஹருயோ ஈரத்துணியோடு நின்றிருந்தார். கருப்பு உடை உடுத்தியிருந்தார். அவர் ஷிரோவின் வலது கையைப் பிடித்து விரல் விரலாகத் துடைத்தார். அந்த அழுத்தம் என் கையுறையில் தெரிந்தது. துடைத்து முடித்துவிட்டு, மெஷினிடம் பேசுகிறவர் போலத்தான், கோபமே இல்லாமல் கேட்டார்.

"ஏன் விட்ட, ஷிரோ? பிடிச்சுத்தானே இருந்த. அவர் கையில உன் விரல் தடம் இருந்துச்சு, நான் பார்த்தேன். அப்புறம் ஏன் விட்ட?"

ஷிரோவுக்குத் தலையை ஆட்ட மட்டும்தான் தெரியும். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. நான் அசையாமல் இருந்தேன். அவர் துணியைப் பிழிந்துவிட்டு, மின்சாரத்தை அணைத்தார். மறுநாள் கம்பெனி எனக்குக் கட்டாய விடுப்புக் கொடுத்தது. அன்று மதியமே நான் காவல் நிலையத்துக்குத் தொலைபேசி செய்தேன்.

அதன் பிறகு உதவி ஆய்வாளர் ஹிகுமா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே போனபோது, உஜிதா தன் வலது மேற்கையை ரோபோவின் திறந்த கைக்குள் தானே கொண்டுபோய் வைத்து, இடது கையால் அதன் விரல்களை ஒவ்வொன்றாக மூடியிருந்தார் என்றும், நான்கு விரல்கள் மூடியிருந்தன, கட்டைவிரல் மட்டும் மூடவில்லை என்றும், அந்த விரல்களை நான் இயக்கினேனா என்றும் கேட்டார்.

இல்லை. 10.55க்குப் பிறகு என் கையில் எதுவும் இல்லை. இந்த விவரம் எனக்கு இப்போதுதான் தெரியும்.

இந்த இடத்தில் விசாரணை பத்து நிமிடம் நிறுத்தி வைக்கப்பட்டது.

எழுதியதை எல்லாம் எனக்கு நிதானமாக வாசித்துக் காட்டினார்கள். நேரங்களும் பேச்சுகளும் நான் சொன்னபடியே உள்ளன. யாரும் சொல்லிக்கொடுத்தோ பயமுறுத்தியோ நான் சொல்லவில்லை. சேர்க்கவோ நீக்கவோ ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றேன். எங்கே சேர்ப்பது என்று ஹிகுமா கேட்டார். திருமதி உஜிதா ஹருயோ படித்தால் கண்ணில் படுகிற இடத்தில் என்றேன். ஹிகுமா அதைக் கடைசியில் தனி வரியாக எழுதினார். அதற்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டு, வலது ஆள்காட்டி விரல் ரேகையையும் வைத்திருக்கிறேன்.

உஜிதா சென்ஜியின் கையை நான் விடவில்லை.

(ஒப்பம்) மகிஷிமா தோமோயோ